ஈய பற்றரியிலிருந்து லித்தியத்துக்கு: வீட்டில் கட்டிய மின்சார சைக்கிளின் மோட்டரையும் பற்றரியையும் மாற்றுவது எப்படி?

2022இல் பெற்றோல் வரிசை காலி வீதியை நிரப்பிவிட்டு குறுக்கு ஒழுங்கைகளுக்குள்ளும் வளைந்து நின்ற மாதங்களில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடைப் பக்கங்களில் பலர் பழைய சைக்கிளில் மோட்டர் பூட்டிக்கொண்டோம். அநேகமாக எல்லோருக்கும் ஒரே அமைப்புத்தான்: சக்கரத்தின் நடுவிலேயே பூட்டும் 250 வாட் சக்கர மோட்டர், 12 வோல்ட் ஈய பற்றரி மூன்று, பின் கரியரில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அந்தச் சைக்கிள்கள் பல இன்று மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கின்றன. சைக்கிளில் பழுதில்லை, மோட்டரிலும் பழுதில்லை. ஈய பற்றரி செத்துவிட்டது, அவ்வளவுதான்.

என்னுடையதும் அப்படி நின்ற ஒன்று. வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய்வர அதையே மறுபடி எழுப்பி, இப்போது 500 வாட் மோட்டரும் 48 வோல்ட் லித்தியம் பற்றரியுமாக ஓட்டுகிறேன். இடையில் செய்த பிழைகளில் இரண்டு காசைத் தின்றன, ஒன்று என் முழங்கையைக் கிழித்தது. வேரில் இருந்த பிழை ஒன்று: மோட்டரைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன். சரியான வரிசை வேறு. முதலில் சைக்கிளின் உடம்பும் பிரேக்கும், பிறகு பற்றரி, பிறகு கொன்ட்ரோலர் (பற்றரியிலிருந்து மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), கடைசியில்தான் மோட்டர். பற்றரி எத்தனை அம்பியர் தரும் என்பது தெரியாமல் மோட்டர் வாங்குவது, வீட்டு வாசலை அளக்காமல் அலுமாரி வாங்குவது போல.

முதலில் இப்போதிருப்பதை அளந்து பாருங்கள்

ஒரு மல்டிமீற்றர் போதும். இரவில் முழுதாக சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி இரண்டு மணித்தியாலம் விட்டு அளவுங்கள். நல்ல ஈய பற்றரி ஒவ்வொன்றும் 12.8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மூன்றும் சேர்ந்து 38.5 வோல்ட் அளவில் இருக்கும். அப்புறம் மீற்றரின் வயரை ஹேண்டிலுக்குக் கொண்டுவந்து கட்டிவிட்டு, சனமில்லாத வீதியில் எக்ஸலேட்டரை முழுதாகத் திருகி ஓடுங்கள். ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் பற்றரியின் உண்மையான உடல்நிலை. 36க்குப் பக்கத்தில் நின்றால் இன்னும் உயிர் இருக்கிறது. மூன்று கிலோமீற்றருக்குள் 31.5க்கு இறங்கினால், அதாவது ஒரு பற்றரிக்கு 10.5 வோல்ட் என்றால், அது முடிந்த கதை.

இதைச் செய்யாமல் மோட்டரைக் குறை சொல்வதுதான் வழக்கம். என் தம்பி முறையான ஒருவன் "மோட்டருக்கு இழுவை இல்லை அண்ணா" என்று 1000 வாட் மோட்டர் தேடிக்கொண்டிருந்தான். அளந்து பார்த்தால் அவனுடைய மூன்று பற்றரிகளில் நடுவில் இருந்தது மட்டும் சுமை ஏறியதும் 8 வோல்ட்டுக்கு விழுந்தது. மோட்டரின் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது; வோல்டேஜ் விழுந்தால் எந்த மோட்டரும் தவழும்தான். அவனுக்குத் தேவைப்பட்டது பற்றரி மட்டும். இன்றைக்கும் அதே பழைய மோட்டரில்தான் ஓடுகிறான்.

எவ்வளவு தூரம், எவ்வளவு சக்தி

கொஞ்சம் மிதித்துக்கொண்டு மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீற்றருக்கு 10 முதல் 15 வாட்-மணி செலவாகும். மிதிக்காமல் மோட்டரையே நம்பிப் போனால் 20 வரை ஏறும். கொழும்பு சமதரை என்பதால் ஏற்றக் கணக்கு பெரிதாக வராது. நம்முடைய மலைகள் தெஹிவளை மேம்பாலமும் நுகேகொட மேம்பாலமும்தான். காற்றை மட்டும் மறக்கக்கூடாது. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று கடலிலிருந்து அடிக்கும். காலையில் கோட்டைப் பக்கம் போகும்போது அது முதுகைத் தள்ளும். மாலையில் மரைன் டிரைவ் வழியே தெற்கே திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். போகும்போது ஆன செலவை இரண்டால் பெருக்கி நாள் கணக்குப் போட்டால் பம்பலப்பிட்டியில் மிதிக்க வேண்டிவரும்.

எனக்குப் போக எட்டு, வர எட்டு, மொத்தம் 16 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 18 என்று வைத்தால் 290 வாட்-மணி. பற்றரியை நாள்தோறும் அடிமட்டம் வரை வடிக்கக்கூடாது, வயதாகும்போது கொள்ளளவும் குறையும் என்பதால் அதை ஒன்றரை மடங்காக்கினால் 435. வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. ஆக, 48 வோல்ட் 10 அம்பியர்-மணி, அதாவது 480 வாட்-மணி, எனக்குப் போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் செய்ய விரும்பியதால் 15 அம்பியர்-மணி எடுத்தேன். உங்கள் தூரத்தை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். தேவைக்கு மேல் பெரிய பற்றரி வாங்கினால் ஒவ்வொரு நாளும் வீண் பாரத்தைச் சுமக்கவேண்டியதுதான்.

"என் ஈய பற்றரியும் 36 வோல்ட் 12 அம்பியர்-மணிதானே, 432 வாட்-மணி இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். ஈயத்தில் அந்த எண்ணை மெதுவாக வடிக்கும்போதுதான் பெறலாம். மோட்டர் இழுக்கிற வேகத்தில் இழுத்தால் கொள்ளளவு சுருங்கும். ஒவ்வொரு முறையும் முழுதாக வடித்தால் சில நூறு தடவையில் ஆயுள் முடியும். எடையும் 12 கிலோவுக்கு மேல்.

சைக்கிளின் உடம்பு தாங்குமா?

இந்தப் பகுதியை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு முழங்கை கிழிந்தது இதனால்தான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சக்கர மோட்டர் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது, அதே பலத்தோடு தன் அச்சைப் பின்னோக்கித் திருக முயலும். அச்சு சுற்றாமல் பிடித்துக்கொண்டிருப்பது போர்க்கில் (சக்கரத்தைப் பிடிக்கும் கவையில்) அச்சு உட்காரும் வெட்டும் இரண்டு நட்டும் மட்டுமே. கணக்கைப் பாருங்கள்: 12 மில்லிமீற்றர் அச்சின் இரு பக்கமும் சீவி 10 மில்லிமீற்றர் தட்டையாக்கியிருப்பார்கள். மோட்டர் 30 நியூட்டன்-மீற்றர் முறுக்கு விசை கொடுத்தால், அந்த 10 மில்லிமீற்றருக்குள் 3,000 நியூட்டன் விழுகிறது. 300 கிலோ பாரத்தை ஒரு விரல் அகல இரும்பு விளிம்பில் வைப்பதற்குச் சமம். பழைய 250 வாட் மோட்டரில் தாக்குப்பிடித்த வெட்டு, 500 வாட்டில் விரிந்து கொடுக்கும். அச்சு சுழன்றால் அதன் துளை வழியே வரும் வயர்கள் முறுக்கி அறுந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கொன்ட்ரோலரும் எரியும். எனக்கு நடந்தது தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது. சக்கரம் கழன்று பக்கவாட்டில் சாய்ந்தது. பின்னால் வந்த பஸ் மெதுவாக வந்ததால் தப்பினேன்.

இதற்கு மருந்து டோர்க் ஆர்ம் என்ற இரும்புத் தகடு. அச்சின் தட்டையான பகுதியை ஒரு முனை கவ்விப் பிடிக்கும், மறுமுனை சைக்கிளின் குழாயில் பொருத்தப்படும். 500 வாட்டுக்கு இரு பக்கமும் பூட்டுங்கள். ஆயத்தமாகக் கிடைக்காவிட்டால் 5 அல்லது 6 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டில் லேத் பட்டறையில் வெட்டிக்கொள்ளலாம். கிராண்ட்பாஸ் பக்கத்து பட்டறை ஒன்றில் அச்சையே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஸ் அளந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஓட்டையை நான் லூசா வெட்ட மாட்டேன், நீங்க சுத்தியலால தட்டித்தான் ஏத்தணும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக்கூடாது. ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அது சுத்தியல்போல அடித்து வெட்டை விரிக்கும்.

அலுமினியத்தாலான முன் போர்க்கில், குறிப்பாக ஸ்பிரிங் வைத்த போர்க்கில், 500 வாட் மோட்டர் பூட்டவே வேண்டாம். அலுமினியம் வளையாது, முன்னறிவிப்பின்றி உடையும். முன் சக்கரம் கழன்றால் முகம்தான் தரையில் படும். உருக்கு உடம்பில் பின் சக்கரத்தில் பூட்டுவதே என் பரிந்துரை.

அகலத்தையும் பாருங்கள். கியர் உள்ள மவுண்டன் சைக்கிளில் பின் வெட்டுகளுக்கு இடையே 135 மில்லிமீற்றர் இருக்கும், பெரும்பாலான பின் மோட்டர்களும் அந்த அளவுதான். பழைய ஒற்றைக் கியர் சைக்கிளில் அது குறைவு. உருக்கு உடம்பென்றால் பழகிய பாஸ் ஒருவர் கொஞ்சம் விரித்துத் தருவார். அலுமினிய உடம்பை விரிக்கக்கூடாது.

ரிம் அளவில் இன்னொரு பொறி இருக்கிறது. அப்பா காலத்து பெரிய சைக்கிளின் 28 அங்குல ரிம்மும், 28 அங்குலம் என்று விற்கும் மோட்டர் சக்கரமும் ஒன்றல்ல. பழையது 635 மில்லிமீற்றர், புதியது 622. டயர் மாறிப் போகாது. 26 அங்குலத்திலும் 559, 590 என்று இரண்டு உண்டு. டயரின் பக்கவாட்டில் இந்த மூன்றிலக்க எண் அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு டாம் வீதியின் சைக்கிள் கடைகளுக்குப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

பிரேக்: இரும்புக் கம்பியால் இழுக்கும் பழைய பிரேக்கோடு மணிக்கு 30 கிலோமீற்றர் போகாதீர்கள். மழையில் அது பிடிக்கவே பிடிக்காது. முன் சக்கரத்துக்கு டிஸ்க், இல்லாவிட்டால் குறைந்தது நல்ல வி-பிரேக். அதோடு, பிரேக் பிடித்தவுடன் மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள பிரேக் பிடி. இதைப் பூட்டாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

பற்றரி: பணமும் ஆபத்தும் இங்கேதான்

லித்தியத்தில் நமக்கு இரண்டு வழி. ஒன்று, லப்டொப்பில் உள்ளதுபோன்ற 18650 லித்தியம் அயன் செல். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. இவற்றில் 13ஐத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் பற்றரி, முழுச் சார்ஜில் 54.6. இன்னொன்று லித்தியம் இரும்பு பொஸ்பேட். செல்லுக்கு 3.2 வோல்ட், முழுச் சார்ஜில் 3.65. 16 செல் தொடரில் 51.2 வோல்ட், முழுச் சார்ஜில் 58.4. முதலாவது இலகுவானது, சின்னது. இரண்டாவது கொஞ்சம் பெரிது, பாரம் கூட. ஆனால் ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும். அதைவிட முக்கியம், பழுதானாலும் மற்றதைப்போல எளிதில் தீப்பற்றாது.

நான் பொஸ்பேட்டைத்தான் எடுத்தேன். என் சைக்கிள் தூங்குவது தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில், அம்மாவின் அறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில். இரண்டு கிலோ கூடுதல் பாரம் எனக்கு ஒரு பொருட்டில்லை. தனி வீட்டில், வெளியே கொட்டகையில் வைத்து சார்ஜ் செய்கிறவர் 18650 எடுக்கலாம். மாடியில் இருக்கிறவர்கள் தயவுசெய்து பொஸ்பேட் எடுங்கள்.

செல் வாங்கும்போது ஏமாறுவது சுலபம். புறக்கோட்டையில் நடைபாதைத் தட்டு ஒன்றில் "9,900" என்று அச்சிட்ட 18650 செல்களை மலிவாக வாங்கினேன். அந்த உருவத்துச் சாதாரண நல்ல செல்லில் அடங்குவது 2,500 முதல் 3,500 மில்லி அம்பியர்-மணிதான். வீட்டில் சோதித்தால் 700ஐத் தாண்டவில்லை. தராசில் வைத்தபோது ஒவ்வொன்றும் 30 கிராமுக்குக் கீழே; உண்மையான செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். அன்றிலிருந்து சின்ன நகைத் தராசு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுதான் செல் வாங்கப் போகிறேன். தரமுள்ள கடைக்காரர் நிறுத்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

பழைய லப்டொப் பற்றரியை உடைத்துச் செல் எடுப்பவர்களுக்கு மூன்று விதி. இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை மீட்டெடுக்க முயலாதீர்கள், ஒதுக்கிவிடுங்கள். முழுதாக சார்ஜ் செய்து இரண்டு வாரம் சும்மா வைத்து, வோல்டேஜ் இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்குவதை ஒதுக்குங்கள். மிச்சத்தைக் கொள்ளளவு சோதித்து, ஒத்த அளவுள்ளவற்றை மட்டும் சேருங்கள். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் கட்டிய பற்றரியை வாங்குவதே மேல்.

18650 செல்லில் நேரடியாக சோல்டர் வைக்கக்கூடாது. அந்தச் சூடு உள்ளே உள்ள மெல்லிய தடுப்பை உருக்கும். ஸ்பொட் வெல்டிங்தான் முறை. செல்களை இணைக்கும் பட்டி சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று அறிய ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். இரும்பென்றால் துருப்பிடிக்கும். கடற்காற்றில் வாழும் நமக்கு இந்தச் சோதனை மிக அவசியம். பொஸ்பேட் செல்களில் திருகாணி முனை உள்ளவை கிடைக்கும். வெல்டிங் இல்லாமல் செப்புப் பட்டியால் இணைக்கலாம். நான் அதையே செய்தேன்.

பற்றரிக்குள் பிஎம்எஸ் எனப்படும் காவல் பலகை கட்டாயம். ஒவ்வொரு செல்லும் அளவுக்கு மேல் ஏறாமலும் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்வது அதுதான். கொன்ட்ரோலர் 20 அம்பியர் இழுத்தால் பிஎம்எஸ் 30 அம்பியராவது தொடர்ந்து தாங்கவேண்டும். வாங்கும்போது செல் வகையைச் சொல்லி வாங்குங்கள். 18650க்கான பலகையைப் பொஸ்பேட்டில் பூட்டினால் அது 4.2 வோல்ட் வரை விட்டுவிடும், செல் கெட்டுப்போகும். ஒவ்வொரு செல்லிலிருந்தும் பலகைக்கு வரும் மெல்லிய சமன் வயர்களைப் பூட்டும் முன் மீற்றரால் ஒவ்வொன்றாக அளவுங்கள்: 3.2, 6.4, 9.6 என்று படிப்படியாக ஏறவேண்டும். ஒரு வயர் இடம் மாறினாலும் பலகை புகைந்துவிடும்.

கனடாவிலிருந்தோ டுபாயிலிருந்தோ வரும் மாமாவிடம் பற்றரி சொல்லி அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைக் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சூட்கேசிலும் முடியாது. நம்முடையது 700க்கு மேல். மோட்டரும் கொன்ட்ரோலரும் வரலாம், பற்றரி இங்கேதான் வாங்கவேண்டும்.

கொன்ட்ரோலர்

பழைய 36 வோல்ட் கொன்ட்ரோலரை அப்படியே 48 வோல்ட்டில் பூட்டலாமா? மூடியைக் கழற்றி உள்ளே உள்ள பெரிய உருளைக் கபாசிட்டரைப் பாருங்கள். 50 வோல்ட் என்று எழுதியிருந்தால் வேண்டாம்; முழுச் சார்ஜில் 58.4 வோல்ட் வரும்போது வெடிக்கலாம். 63 என்று இருந்தாலும், பற்றரி இறங்கும்போது நிறுத்தும் எல்லை அதில் 31 வோல்ட் அளவில் இருக்கும். பற்றரியைக் காப்பாற்றும் முழுப் பாரமும் பிஎம்எஸ்ஸின் தலையில் விழும். புதிதாக ஒரு 48 வோல்ட் கொன்ட்ரோலர் எடுப்பதே சரி.

எத்தனை அம்பியர்? 51.2 வோல்ட்டில் 20 அம்பியர் என்றால் ஆயிரம் வாட்டைத் தாண்டும். 500 வாட் மோட்டர் கிளம்பும் சில நொடிகளுக்கு அதைத் தாங்கும், தொடர்ந்து தாங்காது. 18 முதல் 20க்குள் நில்லுங்கள்.

மோட்டர்: இப்போதுதான் இதன் முறை

முதலில் ஒரு கேள்வி: புது மோட்டர் உண்மையிலேயே வேண்டுமா? வோல்ட் வேகத்தைத் தருகிறது, அம்பியர் இழுவையையும் சூட்டையும் தருகிறது. பழைய 250 வாட் மோட்டரை 48 வோல்ட்டில் பூட்டி, அம்பியரை 12க்குள் கட்டிப்போட்டால் பலருக்கு அதுவே போதும். உங்கள் மோட்டரில் 36 வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 220 சுற்று என்று எழுதியிருந்தால், 51.2 வோல்ட்டில் அது 313 சுற்று. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 2.07 மீற்றர் போகும். பெருக்கிப் பாருங்கள்: அந்தரத்தில் மணிக்கு 39 கிலோமீற்றர், ஆள் ஏறியபின் 30ஐ ஒட்டி. நான் இப்படி மூன்று மாதம் ஓட்டினேன். கடைசியில் உள்ளே இருந்த நைலோன் பற்சக்கரம் தேய்ந்துவிட்டது. என் எடை 90 கிலோ, முதுகில் பையும் உண்டு. உங்கள் எடை 60 என்றால் அந்தப் பற்சக்கரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் மூன்று வகை. உள்ளே பற்சக்கரம் வைத்த சக்கர மோட்டர், பற்சக்கரம் இல்லாத பெரிய நேரடி மோட்டர், பெடல் நடுவில் பூட்டும் மோட்டர். கொழும்பில் ஒவ்வொரு கலர் லைட்டிலும் நின்று நின்று கிளம்ப வேண்டும். அதற்குப் பற்சக்கர மோட்டர்தான் பொருத்தம்: நிலையிலிருந்து நன்றாக இழுக்கும், எடை நாலு கிலோவுக்குள், மின்சாரம் இல்லாவிட்டாலும் சாதாரண சைக்கிள்போல மிதிக்கலாம். நேரடி மோட்டர் ஆறேழு கிலோ. நெடுந்தூரம் ஒரே வேகத்தில் போகிறவருக்கு நல்லது. நடு மோட்டர் கண்டி, நுவரெலியாவுக்குச் சிறந்தது. இங்கே அது செயினைத்தான் தின்னும்.

வயர் வேலை

மோட்டரிலிருந்து வருவது தடித்த வயர் மூன்று, மெல்லியவை ஐந்து. தடித்தவை மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன. மெல்லியவை, மோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹோல் சென்சர் வயர்கள்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பூமி, மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சைகை. நிறத்துக்கு நிறம் பூட்டினால் எப்போதும் சரிவரும் என்று நம்பவேண்டாம். வேறு வேறு தயாரிப்புகள் வேறு வேறு ஒழுங்கு வைக்கின்றன. தானாகக் கற்றுக்கொள்ளும் வயர் உள்ள கொன்ட்ரோலர் என்றால் அந்த வயரை ஒருமுறை இணைத்தாலே ஒழுங்கைக் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் மெல்லியவற்றை அப்படியே விட்டு, தடித்த மூன்றை மாற்றி மாற்றி ஆறு விதமாகப் பூட்டிப் பார்க்கவேண்டும். சக்கரம் தரையில் படாமல், எக்ஸலேட்டரை மிக மெதுவாகத் திருகி.

பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 அம்பியர் பியூஸ் வைக்கவேண்டும். கொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்தால் இடையிலுள்ள வயர் உரசி ஷோர்ட் ஆகும்போது அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. பியூஸ் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்துக்குரியதாக இருக்கட்டும். காருக்குரிய 32 வோல்ட் பியூஸ் உருகினாலும் தீப்பொறி நிற்காமல் பாயலாம். பற்றரியிலிருந்து கொன்ட்ரோலர் வரை குறைந்தது 3 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், முடிந்தால் சிலிக்கன் உறையுள்ளது. இணைப்பிக்கு எக்ஸ்டி 90, அதிலும் உள்ளே மின்தடை வைத்த வகை. பூட்டும்போது பளிச்சென்று பொறி பறந்து முனை கருகுவதை அது தடுக்கும்.

அப்புறம் மழையும் உப்பும். மோட்டர் வயர் அச்சிலிருந்து வெளியே வரும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். வயரோடு வழியும் தண்ணீர் வளைவின் அடியிலிருந்து சொட்டிவிடும், அச்சுக்குள் போகாது. கொன்ட்ரோலரின் வயர் வரும் முகம் கீழே பார்க்கவேண்டும். இணைப்பிகளில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிறீஸ் தடவுங்கள். இது செய்யாத என் முதல் அமைப்பில், மரைன் டிரைவில் ஒரு வருடம் ஓடியபின் ஹோல் சென்சர் பிளக்கின் முனைகள் பச்சையாகப் பூத்துக் கிடந்தன. ஒக்டோபர், நவம்பர் மாலை மழையில் வெள்ளம் நிற்கும் வீதியில் சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்கும் அளவுக்கு இறங்காதீர்கள். இறங்க நேர்ந்தால் மறுநாளே மோட்டர் மூடியைத் திறந்து காயவிடுங்கள்.

பற்றரியைப் பின் கரியரிலிருந்து எடுத்து, உடம்பின் முக்கோணத்துக்குள் கொண்டுவாருங்கள். பாரம் தாழ்ந்து நடுவில் நின்றால் சைக்கிள் ஆடாது, குழியில் விழும்போது பற்றரிக்கும் அடி குறையும். செல்களைச் சுற்றிப் பஞ்சுத் தகடு வையுங்கள், ஆனால் இறுக்கித் திணிக்காதீர்கள்.

முதல் ஓட்டம்

சக்கரம் அந்தரத்தில் இருக்க, முழு வேகத்தில் எத்தனை அம்பியர் போகிறது என்று பாருங்கள். ஒன்று, ஒன்றரை அம்பியர் என்றால் நல்லது. நாலைந்து அம்பியர் இழுத்து, கரகரவென்று சத்தமும் வந்தால் வயர் ஒழுங்கு பிழை, உடனே நிறுத்துங்கள். பிரேக் பிடியைத் தொட்டதும் மோட்டர் நிற்கிறதா என்று இரு பிடியிலும் பாருங்கள்.

பிறகு ஞாயிறு காலை, வாகனம் குறைவான நேரத்தில் இரண்டு கிலோமீற்றர். இறங்கி, மோட்டர் மூடியில் கை வையுங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் அம்பியரைக் குறைக்கவேண்டும். வயர், இணைப்பி, பிஎம்எஸ் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே இணைப்பு சரியில்லை. அச்சு நட்டை மறுபடி இறுக்குங்கள். 50 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொருமுறை. சக்கரக் கம்பிகளும் அப்போது தளர்ந்திருக்கும்.

மின்சார சைக்கிளின் பதிவு பற்றி மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் நாரஹேன்பிட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு வீதியில் இறக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீற்றர் வேகம், பெடல் மிதித்தால்தான் மோட்டர் என்பது சாதாரண சைக்கிளுக்கான எல்லை. அதைத் தாண்டியது அங்கே மோட்டார் வாகனக் கணக்கில் வருகிறது. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

சார்ஜ் செய்வது

பழைய ஈய பற்றரி சார்ஜரை அன்றே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வீட்டில் வைக்காதீர்கள். பிளக் ஒன்றுபோல இருக்கும், வோல்டேஜ் வேறு. நாலு ஈய பற்றரி வைத்திருந்தவர்களின் 48 வோல்ட் சார்ஜர் 59 வோல்ட் வரை போகும், 54.6இல் நிற்கவேண்டிய 18650 பற்றரியில் அதைப் பூட்டினால், காப்பாற்ற பிஎம்எஸ் ஒன்றுதான் இருக்கிறது. பொஸ்பேட் 16 செல்லுக்கு 58.4 வோல்ட் சார்ஜர், 3 முதல் 5 அம்பியர். முழு சார்ஜுக்கு ஒரு யூனிட்டுக்குள்தான் மின்சாரம் போகும்.

டைல்ஸ் தரையில், திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் தூரமாக, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். மாடிப்படி, வாசல் பக்கம் வேண்டாம். தீ என்றால் வெளியேறும் வழி அதுதான். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதால், போனவுடன் பிளக்கைக் கழற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். மழையில் நனைந்து வந்த பற்றரியைத் துடைத்து, ஒரு மணித்தியாலம் காயவிட்ட பிறகே சார்ஜ். பற்றரி வீங்கினாலோ, இனிப்பு வாடைபோல ஒரு மணம் வந்தாலோ, புகைந்தாலோ எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டுபோய் 110க்கு அழையுங்கள். தீயணைப்புப் படை அந்த எண்ணில்தான்.

கழற்றிய ஈய பற்றரிகளைக் குப்பையில் போடாதீர்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய பற்றரியை நிறுத்து வாங்குகிறார்கள். மூன்றையும் கொடுத்த காசில் எனக்குப் பியூஸும் இணைப்பிகளும் வந்தன.

பொஸ்பேட்டில் ஒரு பழக்கம் புதிதாக வரவேண்டும். அதன் வோல்டேஜ் நடுவில் கிட்டத்தட்ட சமமாகவே நிற்கும்; வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. அதனால் போன அம்பியர்-மணியை எண்ணிச் சொல்லும் மீற்றர் ஒன்றை ஹேண்டிலில் பூட்டியிருக்கிறேன். செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்பதும் சார்ஜ் முடியும் தறுவாயில்தான் வெளியே தெரியும். மாதத்தில் முதல் ஞாயிறு, சார்ஜர் நிற்பதற்குச் சற்று முன் 16 செல்லையும் ஒவ்வொன்றாக அளந்து கொப்பியில் எழுதுகிறேன். போன மாதம் ஏழாவது செல் மற்றவற்றைவிட 0.08 வோல்ட் குறைவாக நின்றது. அதன் திருகாணியைத் திறந்து, செப்புப் பட்டியை உப்புக் காகிதத்தால் தேய்த்து மறுபடி இறுக்கினேன். இந்த மாதம் வித்தியாசம் 0.02.